தின்னர் துடைத்த எண்கள்

பெங்களூரு பீன்யாவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், பூஜை முடியாமல் எந்தப் புதுப் பொருளுக்கும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. அதனால் ஆயுத பூஜையன்று மெஷின்களையும் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் பழைய நெட்வொர்க் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, புதியதை மற்றக் கருவிகளோடு பூஜை வரிசையில் வைத்தேன். இருபத்துநான்கு கேபிள்களும் ரேக்கில் தொங்கின. ஒவ்வொன்றிலும் வெள்ளை நாடா சுற்றி, மார்க்கரால் எண் எழுதியிருந்தேன். முதல் பதினாறு மெஷின்களுக்கு, மீதி அலுவலகத்துக்கு. இடம் மாறினால், செய்ய வேண்டிய பாகத்தின் வரைபடம் மெஷினுக்குப் போகாது.

போன முறை நான் ஒன்றை மாற்றிச் செருகியதில் அரை நாள் வேலை நின்றது. "இன்னொரு வாட்டி ஆச்சுன்னா நீங்க ஸ்டோர்ஸ பாத்துக்கோங்க சார்" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டீ குடித்துவிட்டு வந்தபோது ரேக் பளபளத்தது. நாடாக்கள் இருந்தன; எண்கள் இல்லை. ஏழாம் மெஷினை ஓட்டும் அக்கா கையில் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியோடு நின்றிருந்தார்.

"ஒரே மை கறை சார். எல்லாத்தையும் நல்லா தொடச்சிட்டேன்."

"அக்கா, அது கறையில்ல. நம்பர்."

அவர் துணியைப் பார்த்தார். "ஐயோ! அழியற மையில எழுதுவாங்களா? நாங்க டூல் சீட்டெல்லாம் பென்சில்லதான் எழுதுவோம். தின்னர் பட்டாலும் போகாது."

பூஜைக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கேபிள் டெஸ்டரின் சின்னப் பாகத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு மெஷினாகவும் அலுவலக மேஜையாகவும் போய்க் கேபிளின் மறுமுனையை அதில் செருகினார். நான் ரேக்கில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகப் பெரிய பாகத்தில் செருகித் தேடினேன்; அதே கேபிள் என்றால் பச்சை விளக்கு எரியும்.

"பச்ச வந்துச்சா சார்?"

"இன்னும் இல்லக்கா."

"பூஜைக்குள்ளயாவது வருமா?"

கடைசிக் கேபிளை அடையாளம் கண்டு, அவை தொங்கும் வரிசையை நோட்டில் குறித்தபோது பூஜை மணி அடித்துவிட்டார்கள். பூஜை முடிந்ததும் குங்குமப் பொட்டோடு ஸ்விட்சை ரேக்கில் ஏற்றி, நான்கு திருகுகளையும் இறுக்கினேன். மின்சாரம் கொடுத்து, கேபிள்களைச் செருகினேன். கேபிள்களுக்கான விளக்கு ஒன்றும் எரியவில்லை. எரியாது என்று தெரியும்; மெஷின்கள், கம்ப்யூட்டர்கள் எல்லாம் அணைந்திருந்தன. மறுநாள் விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதிய பட்டியலை எத்தனை முறை படித்தேன் என்று அதே நோட்டில் குறித்திருக்கிறேன்: பதினொன்று.

அதற்கடுத்த நாள் காலை ஆறு மணி ஷிப்டில் அக்காதான் முதலில் மெஷினை இயக்கினார். ஏழாம் விளக்கு வந்தது. வரைபடமும் வந்ததென்று கையை உயர்த்திக் காட்டினார். எட்டரைக்குள் மற்ற மெஷின்களுக்கும் அலுவலகத்துக்குமான விளக்குகளும் வந்துவிட்டன. இருபத்துமூன்று. இருபத்துநான்காவது மட்டும் இருட்டாக இருந்தது.

அது மேனேஜர் அறை. அவர் ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார்.

ரேக்கின் பக்கத்திலேயே நின்றேன். ஒன்பது பத்துக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். அவர் கம்ப்யூட்டரை இயக்கியிருக்க வேண்டும்; இருபத்துநான்கிலும் பச்சை வந்தது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தக் கேபிளிலிருந்தே எண் எழுதத் தொடங்கினேன்.