அவர் வீட்டில் இருந்த கோடை

திருமணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் என் கணவர் பதுளைக்குத் திரும்பிப் போய்விட்டார். அவருடைய தகப்பன் தொடங்கிய பலசரக்குக் கடை அங்கே இருந்தது. எங்கள் யாழ்ப்பாணத் தீவுகளில் இது புதினமான காரியம் அல்ல. ஆண்கள் தெற்கே கடை வைத்திருப்பார்கள், பெண்கள் இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்ப்பார்கள். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் அவர் வருவார். சண்டைக் காலத்தில் பாதை பூட்டியிருந்தபோது அதுவும் இல்லை. வந்து நிற்கிற நாட்களில் கூரையைப் பார்ப்பார், வேலியை அடைப்பிப்பார், சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வருவார். நாங்கள் இரண்டு பேரும் ஆறுதலாக இருந்து கதைத்தது குறைவு. கடையை விட்டுவிட்டு வந்தபிறகு கதைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

அவர் கடையை விட்டுவிட்டு வந்தது பாரிசவாதம் வந்தபிறகுதான். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காலில் கொஞ்சம் பெலன் திரும்பியது, தடியை ஊன்றி நடந்தார். பேச்சு திரும்பவில்லை. ஆம் என்று சொல்கிற ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. பசிக்கிறதா என்று கேட்டால் "ஓம்" என்பார். பசிக்கவில்லையா என்று கேட்டாலும் "ஓம்"தான். கனடாவிலிருந்து மகன் தொலைபேசியில் சுகம் கேட்பான். "ஓம்" என்பார். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. நான்தான் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை சொல் இருக்கிறதென்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டாள். "அம்மா, அந்தக் கைக்கு ஏதும் வேலை குடுங்கோ. சும்மா பந்தை அமத்தச் சொன்னால் அவருக்கு அலுத்துப்போகும். பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்தப் பழக்குங்கோவன்" என்றாள்.

எங்கள் முற்றத்தில் அதுவரை பூங்கன்று என்று சொல்ல இரண்டு செவ்வரத்தை மட்டும் நின்றன. எனக்கும் அதில் நாட்டம் இருந்ததில்லை. கிணற்றுத் தண்ணீர் சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். குடிக்கிற தண்ணீரைப் பவுசர் லொறியில் கொண்டுவந்து தருகிற ஊரில் யார் ரோசா வைப்பார்கள்? ஆனாலும் அந்தப் பிள்ளை சொன்னதற்காக, பஸ்ஸில் வருகிற வழியிலேயே ஒரு மல்லிகையும் இரண்டு ரோசாவும் வாங்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கனகாம்பரமும் சீனியா விதையும் தந்தா.

வெறும் பால்மாத் தகரப் பேணியில் பாதிக்குத் தண்ணீர் விட்டு அவருடைய வலது கையில் வைத்து, இடது கையால் தாங்கிப் பிடிக்கச் சொன்னேன். முதல் நாள் தண்ணீர் முழுவதும் அவருடைய சாரத்தில்தான் ஊற்றுப்பட்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. பேணியைத் திரும்ப நீட்டினார்.

வைகாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் சோளகக் காற்றும் புழுதியும்தான், ஆவணி முடியும்வரை மழையை நினைக்கக் கூடாது. அந்த வருசம் எல்லாம் மாறிப்போனது. பகலெல்லாம் நெருப்பு வெயில் எறிக்கும், பின்னேரம் கடற்பக்கம் இருண்டு மழை கொட்டும். மழை விட்டவுடன் நிலத்திலிருந்து வேக்காடு கிளம்பும். மனிதருக்கு அது இருக்கவிடாத வெக்கை, கன்றுகளுக்கு நல்ல தண்ணீர். சவரில் கருகியிருந்த ரோசா புதுத் தளிர் விட்டது. சீனியா முழங்கால் உயரத்துக்கு வந்து பூத்தது.

மழை பெய்தால் அவருக்கு வேலை இல்லாமல் போய்விடும். கதிரையில் இருந்து பேணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் சில கன்றுகளைச் சாடியில் வைத்து மழை படாமல் தாழ்வாரத்துக்குக் கீழே நகர்த்தினேன். அவருக்கென்று அவை காய்ந்திருந்தன. நான் கூரைப் பீலியால் வடிகிற மழைத் தண்ணீரை வாளியில் பிடித்து வைப்பேன், அவர் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டு போவார். காய்ந்த இலையை விரலால் தட்டிவிடுவார். மல்லிகைக்கு எந்தப் பக்கம் கம்பு நடவேண்டுமென்று தடியால் காட்டுவார். கடைக்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைப்பேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள், அவருடைய கடையில் முன்பு வேலை செய்தவர் புங்குடுதீவிலிருந்து அவரைப் பார்க்க வந்தார். முதலாளியின் கையில் பேணியைக் கண்டதும் வந்தவருக்குக் கண் கலங்கியது. ஆனால் ஆச்சரியப்படவில்லை.

"அண்ணை அங்கையும் இப்பிடித்தான் அக்கா" என்றார். "கடைக்குப் பின்னாலை எண்ணெய்த் தகரங்களிலை எவ்வளவு பூக்கண்டு வைச்சிருந்தவர். விடிய எழும்பி அதுகளுக்குத் தண்ணி விட்டுட்டுத்தான் கடை திறப்பார். உங்களுக்குத் தெரியாதே?"

தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணீர் போடக் குசினிக்குள் போனேன். கேத்திலை அடுப்பில் வைத்தேன். இத்தனை வருசத்தில் எனக்கு அவர் சீலை வாங்கி வந்திருக்கிறார், பிள்ளைகளுக்கு உடுப்பும் விளையாட்டுச் சாமானும் வாங்கி வந்திருக்கிறார். ஒரு பூவைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு நாளும் விடிய அவர் எப்படி எழும்புகிறார், முதலில் எதைத் தொடுகிறார் என்று ஒரு மனைவிக்குத் தெரியவேண்டியது, கடையில் சாமான் கட்டிக்கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது.

வந்தவர் போனபிறகு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"உண்மையே? அங்கை பூக்கண்டு வைச்சிருந்தனீங்களே?"

"ஓம்."

"ஏன் எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை?"

அவர் வாயைத் திறந்தார். ஏதோ பெரிதாகச் சொல்ல வெளிக்கிட்டார். கழுத்து நரம்பு எழும்பியது. கனநேரம் முயன்றார். கடைசியில் "ஓம்" என்று வந்தது. பிறகு அழுதார். நான் அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பதில் சொல்ல ஏலாத கேள்வி எதையும் அவரிடம் கேட்கவில்லை.

ஆவணியில் மழை விடாமல் அடித்தது. முற்றத்தில் வெள்ளம் நின்று ரோசாவும் கனகாம்பரமும் மஞ்சளிக்கத் தொடங்கின. வேர் அழுகமுதல் வாய்க்கால் வெட்டிவிட்டால் தண்ணீர் ஒழுங்கைக்கு ஓடும் என்று மண்வெட்டியை எடுத்தேன். வெட்டிக்கொண்டிருக்கையில் தலையில் மழை படவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் தடியை விட்டுவிட்டு, இடது கையால் குடையை எனக்கு மேலே பிடித்தபடி தூக்கணாங்குருவிக் கூடு ஆடுவதுபோல ஆடிக்கொண்டு நின்றார். அவருக்கு மேலே ஒன்றும் இல்லை.

"உள்ளுக்குப் போங்கோ. நனையிறியள்" என்றேன்.

"ஓம்" என்றார். போகவில்லை. நான் வெட்டி முடியுமட்டும் அப்படியே நின்றார்.

சில நாளில் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி இரைந்தது. ஊரார் மழையில் நனைந்ததுதான் என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. பாரிசவாத வருத்தக்காரருக்கு விழுங்குவது சரியாக நடக்காது, சாப்பாடு நெஞ்சுக்குள் போய்க் கிருமி பிடிக்கும், மழையில் பழியைப் போடாதீர்கள் என்று விளங்கப்படுத்தினார். நான் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் அந்தக் குடையை உள்ளே எறிந்துவிட்டு அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போயிருக்கலாம் என்ற எண்ணம் டொக்டரின் பேச்சைக் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரியில் கொஞ்சநாள் இருந்து, ஒரு விடியற்காலையில் போய்விட்டார். செத்தவீட்டுக்கு மகன் வந்தான். தூரத்தில் இருக்கிற மகள் வரமுடியாமல் தொலைபேசியில் பார்த்து அழுதாள். முற்றத்துப் பூக்களைப் பறிக்கலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா தயங்கிக் கேட்டா. எல்லாவற்றையும் பறிக்கச் சொன்னேன். வெட்டின வாய்க்காலால் வெள்ளம் வடிந்து கன்றுகள் தப்பியிருந்தன. மாலைக்குப் போதாவிட்டாலும் காலடியில் வைக்கப் பூ இருந்தது.

இந்த வருசம் பழையபடி சோளகம் மட்டும்தான் வீசுகிறது. ரோசாவும் மல்லிகையும் சவர்த் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கவில்லை, பிடுங்கிவிட்டேன். சீனியா தன்பாட்டில் விதை சிந்தி வேலியோரத்தில் நாலைந்து முளைத்திருக்கிறது. மகன் கனடாவுக்கு வந்துவிடச் சொல்கிறான். பார்ப்போம் என்கிறேன். காற்று மணலை அள்ளி எறிகிறது. அந்த நாலைந்துக்கும் தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டியிருக்கிறேன்.