அரை மணி நேர வெறுங்கழுத்து

என் முகத்துக்கு ஐம்பத்தாறு வயது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கழுத்தைப் பார்த்தால் உடனே நம்பிவிடுவார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் பேசும்போதெல்லாம் போனைத் தாழ்வாகப் பிடித்துத் தொலைப்பேன். திரையில் முதலில் கழுத்துதான் வந்து நிற்கும், ஆறின பாலில் ஏடு சுருங்கின மாதிரி. அதிலிருந்து முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் தினமும் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எரிந்து விழுந்து விஷயத்தைச் சொன்னேன்.

அவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். நசுங்கின தகரத்தை வாழ்நாள் முழுக்க நிமிர்த்தியவருக்கு இது பெரிய சங்கதியாகவே படவில்லை. டிங்கரிங் வேலைதானே, பண்ணிவிடலாம் என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முறைத்துப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொல்லியிருந்தார். சேலத்தில் ஒரு தோல் மருத்துவமனையை அவரே விசாரித்து, நகை எதுவும் போட்டு வரக்கூடாது என்பதையும் போனில் கேட்டுச் சொல்லி, அவரே காரில் கூட்டிப் போனார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகாத மனுஷன், வழி முழுக்க ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே ஓட்டினார்.

மருத்துவர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, கத்தியும் வேண்டாம் தையலும் வேண்டாம் என்றாள். ரேடியோ அலையால் தோலுக்கு உள்ளே சூடு கொடுப்பார்களாம், சில மாதங்களில் கொஞ்சம் இறுகுமாம். ஒரு தடவையில் முடியாது, நாலைந்து தடவை வரவேண்டும். இருபது வயதுக் கழுத்து திரும்பி வராது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். முகத்துக்குப் பூசுகிற வெயில் கிரீமைக் கழுத்துக்கு யாருமே பூசுவதில்லை என்று செல்லமாகத் திட்டினாள். எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

உள்ளே போய்ப் படுக்கப் போகும்போதுதான் நர்ஸ் சொன்னாள். "தாலியக் கழட்டிருங்கம்மா."

எனக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள். தோட்டையும் சங்கிலியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவள், தாலிக்கொடியை நகைக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் பக்கம் தாலிக்கயிறு அறுந்தால்கூட அறுந்தது என்று வாயால் சொல்ல மாட்டோம், பெருகிவிட்டது என்போம். கொடியை மாற்றினாலும் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் பழையதை எடுப்போம். இவள் என்னடாவென்றால் செருப்பைக் கழற்றச் சொல்வது போலச் சொல்கிறாள். ஸ்டென்ட் வைத்த மனுஷன் வெளியே உட்கார்ந்திருக்கிறார். கழுத்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அவர் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. இவ்வளவு ஆசைப்பட்டு வந்துவிட்டுத் திரும்பிப் போனால் ஊர் சேரும் வரைக்கும் தன் உயிரைத்தான் எடுப்பேன் என்றார். ஆபரேஷனுக்குப் போகிற பொம்பளைகள் எல்லாம் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். நான் அசையவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கையை நீட்டினார்.

"கழட்டறதுன்னு ஏம்புள்ள நெனைக்கற? எங்கிட்டக் குடுத்து வெச்சுட்டுப் போ. நானு எங்கயும் போவ மாட்டேன்."

அந்தக் கடைசிப் பேச்சில்தான் மனசு இளகியது. கண்ணை மூடிக்கொண்டு, கொடியைத் தலை வழியாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

கழுத்தில் ஜெல்லைத் தடவி ஒரு கருவியை மேலும் கீழும் இழுத்தார்கள். சூடாக இருந்தது, வலி இல்லை. சுருக்கம் போகுமா போகாதா என்ற நினைப்பே எனக்கு இல்லை. காது முழுக்க வெளியேதான் இருந்தது. யாரோ நாற்காலியை இழுத்த சத்தத்துக்கே எழுந்து உட்காரப் பார்த்தேன். நர்ஸ் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள்.

முடிந்ததும் சரியாகத் துடைக்கக்கூட விடாமல் வெளியே ஓடி வந்தேன். முகப்பருவுக்கு வந்திருந்த கல்லூரிப் பெண்களுக்கு நடுவில் அவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டைக்கு மேலே என் தாலிக்கொடி தொங்கியது. தன் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே இருந்த பெண்கள் போனைப் பார்ப்பது போலக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் கண்டுகொள்ளவில்லை.

மானம் போகிறது, இதென்ன கூத்து என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு புள்ள," என்றார். "நானு இருக்கற வரைக்கும் அது ஒரு கழுத்துல இருக்கோணுமல்ல. உன்ற கழுத்து இல்லீன்னா என்ற கழுத்து."

கல்யாணத்தன்றுகூட நான் அழவில்லை. சிவந்து கிடந்த கழுத்தை, அத்தனை பேர் பார்க்க, அவர் முன்னால் குனிந்து கொடுத்தேன்.