மச்சான் பிடிக்காத கயிறு

திரேஸ்புரத்துப் பிளாரன்சின் வாய்க்கு அஞ்சாத ஆண்மகன் அந்தக் கரையில் இல்லை. சங்கு குளிக்கும் பருவத்தில் வெளியூரிலிருந்து வந்து தங்கும் தனிக்கட்டை இளைஞர்களுக்கு அவள் சோறு பொங்கிப் போட்டாள். சோற்றோடு வசவும் போட்டாள். கோயிலில் மாதா சுரூபத்தின் முன் முழந்தாளிட்டிருக்கும்போதுகூட, அவள் வேண்டுகிறாளா வழக்காடுகிறாளா என்பது அருகிலிருப்பவர்களுக்கு விளங்காது.

அந்தக் கோபத்தின் வேர் அவள் தம்பி இஞ்ஞாசி. இளவயதில் முதற்பருவம் குளிக்கப் போனபோது கரை முழுவதும் அவனைச் சூரன் என்றது. வேண்டாம் என்றோ, களைத்தேன் என்றோ அவன் ஒருநாளும் சொன்னதில்லை. மறுபருவம் வள்ளம் புறப்பட்ட காலையில் முழங்கால் அளவு நீரில் நின்றவன், அதற்குமேல் ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. அன்றுமுதல் மீன் ஏலக் கூடத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஐஸ் உடைத்தான். அவனைக் கோழை என்று யாரேனும் சொன்னால், பிளாரன்சின் கையில் அப்போது எது இருக்கிறதோ அது பறக்கும்.

நீருக்குள் இருப்பவனின் உயிர், மேலே இருப்பவன் பிடிக்கும் கயிற்றில் இருக்கிறது. ஆகவே அக்கயிற்றை அவன் மச்சானே பிடிக்க வேண்டும் என்பது முத்துக் குளித்த நாள் தொட்டு வரும் வழக்கம். கீழே ஒன்று நேர்ந்தால், வீட்டில் ஒரு பெண்ணின் முகத்தில் விழித்தாக வேண்டியவன் அவன் அல்லவா? கொற்கை முத்தின் ஒளியைப் பாடிய பழந்தமிழ், அதை எடுத்தவனின் மூச்சைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டது இந்த வழக்கம் ஒன்றுதான். ஆனால் மணமாகாத, உடன்பிறந்தாரும் இல்லாத புதியவனுக்கு மச்சான் ஏது? அவன் கயிற்றைக் கூலிக்குக் கிடைத்தவன் பிடிப்பான். பிளாரன்சுக்கு மணமாகும் முன்பே குளிக்கப் போன இஞ்ஞாசிக்கும் அப்படித்தான் பிடித்தார்கள்.

எழுபத்திரண்டாம் ஆண்டுப் பருவத்தில் வேம்பாரிலிருந்து கிளாட்வின் வந்தான். தாய் தகப்பன் இல்லாதவன், முதற்பருவம். படகு முதலாளி அம்புரோஸ் சம்மாட்டியின் வள்ளத்தில் ஏறினான். அவனுக்குக் கயிறு பிடித்தவன் பிளாரன்சின் கணவன் பாஸ்கல்.

வந்த புதிதில் குழம்பில் உப்புக் குறைந்தால் கிளாட்வின் சண்டைக்கு வந்தான். பிறகு உப்பே போடாவிட்டாலும் வாய் திறவாமல் தின்றான். அதன்பின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். யாரேனும் கேலி செய்தால் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகே சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல், சினிமாவுக்கும் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயலுக்குக் கடல் படிஞ்சிட்டு" என்று கரையில் மெச்சினார்கள். பிளாரன்சுக்கு இஞ்ஞாசியின் முதற்பருவம் நினைவுக்கு வந்தது.

"உமக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கணவன்மேல் பாய்ந்தாள். "அந்தப் பய மூஞ்சியப் பாத்தீரா?"

"மூஞ்சிக்கு என்ன? வள்ளத்துலயே அவந்தான் கூடுதலா சங்கு எடுக்கான். இறங்குன்னா இறங்குதான். ஒரு மறுபேச்சு கிடையாது."

"என் தம்பியும் மறுபேச்சு பேசல."

"ஏளா, சம்மாட்டி சொல்லுதாரு, நான் இறக்குதேன். அவன் என்ன எனக்கு மச்சானா?"

மச்சான் என்ற அந்தச் சொல்லைப் பிளாரன்ஸ் பிடித்துக்கொண்டாள்.

விடிந்ததும் கரைக்குப் போனாள். கிளாட்வின் கடலடிக்கு இறங்கக் காலில் மிதித்துக்கொள்ளும் கல்லை வள்ளத்திலிருந்து தூக்கி மணலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"என்ன பிளாரன்ஸ், காலங்காத்தால கல்லுல குந்திச் செபமாலை சொல்லுதியா?" என்றார் அம்புரோஸ்.

"ஆமா, உம்ம ஆத்துமத்துக்குத்தான் சொல்லுதேன். யாராச்சும் சொல்லணும்லா?"

சிரிப்பு எழுந்தது. கிளாட்வின் ஓடி வந்தான். அவன் முகம் கறுத்திருந்தது.

"எந்திரிங்க அக்கா! எனக்கு ஒண்ணுமில்ல. என் பேரைக் கெடுக்காதீய."

"அக்கான்னுதான கூப்பிடுத? அப்ப அக்கா சொல்லுதேன், இன்னைக்கு நீ குளிக்கல." அவள் எழுந்து கரை முழுவதும் கேட்கக் கத்தினாள்: "எல்லாரும் கேட்டுக்கிடுங்க! இவன் என் தம்பி. அப்ப என்னக் கட்டுனவரு இவனுக்கு என்ன வேணும்?"

"மச்சான்!" என்று பக்கத்து வள்ளத்திலிருந்து ஒருவன் கூவினான்.

"கேட்டீரா?" என்று பாஸ்கல் பக்கம் திரும்பினாள். "ஒரு தம்பி ஐஸ் உடைக்கான். இவனையும் அங்கன உக்கார வச்சிட்டு வீட்டுக்கு வந்து யாரு மூஞ்சில முழிப்பீரு?"

"பாஸ்கல், கல்லத் தூக்கி ஏத்து" என்றார் சம்மாட்டி.

பாஸ்கல் குனிந்தான். மறுபக்கம் கல்லைப் பற்ற நீண்ட கிளாட்வினின் கை, ஒரு சாண் தள்ளி மணலைப் பற்றியது. அத்தனை நாளும் கயிற்றின் அசைவையே பார்த்திருந்த பாஸ்கல், அன்றுதான் அந்த முகத்தைப் பார்த்தான். கல்லை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"என் மச்சான் இந்த வாரம் வரமாட்டான், சம்மாட்டியாரே. அவன் இல்லாம நானும் வரல."

அம்புரோஸ் அவர்கள் மூவரின் பரம்பரையையும் வைதுகொண்டே வள்ளத்தைத் தள்ளச் சொன்னார். கிளாட்வின் நன்றி சொல்லவில்லை. பிளாரன்சைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் போய் விழுந்தான். உச்சி மணி அடித்தும் அவன் தூக்கம் கலையவில்லை.

மறுவாரம் கடலுக்குப் போனபோது, கிளாட்வின் இன்னும் ஒருமுறை இறங்குகிறேன் என்று கெஞ்சியும், சம்மாட்டி அதட்டியும், பாஸ்கல் கல்லை மேலே இழுத்துப் போட்டுவிட்டான். அதற்காகக் கிளாட்வின் அவனை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். பிளாரன்சின் வீட்டில் சோற்றில் கை வைத்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இது குழம்பாக்கா, கடல் தண்ணியா?"

பிளாரன்ஸ் அகப்பையை ஓங்கினாள். "வாய மூடிட்டுத் தின்னுலே!" என்று அவள் கத்தியது ஏலக் கூடம்வரை கேட்டது. அங்கே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த இஞ்ஞாசி கையை நிறுத்தி, அக்காளின் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினான்.