பத்தொன்பது புழுக்களும் ஒரு சூப்பர்வைசரும்

"தலைமைப் பண்பு பத்தி ஒரு மணி நேரம் பேசணும் சேச்சி. பார்க்குல, காட்டுல, கண்டல்ல வேலை செய்யறவங்க முப்பது பேர் வருவாங்க..."

போனில் ஷைலஜா இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. (கண்டல் என்றால் நம் ஊர் அலையாத்திக் காடு.) நான் யாருக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன்? வாரா வாரம் தனியாக உட்கார்ந்து இந்தப் பக்கத்தை நிரப்புகிறவள். என் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் வீட்டு மிக்ஸி. அதுவும் இரண்டு தட்டு தட்டினால்தான்!

ஷைலஜா மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், காயலை ஒட்டியிருக்கும் சின்னப் பூங்காவின் சூப்பர்வைசர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். இவள் பிறந்து வளர்ந்தது பள்ளுருத்தியில். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க வராது. "உங்க பத்திய அம்மா சத்தமா வாசிப்பாங்க சேச்சி, நான் சாயா குடிச்சிட்டே கேப்பேன்" என்பாள். அப்படியொரு வாசகிக்கு முடியாது என்று சொல்ல மனம் வருமா?

இன்டர்நெட்டில் தேடி எட்டு பாயின்ட் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

காலை பத்து மணி. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பூங்கா ஹாலில் நாற்காலிகள் தயார். தொடங்கி வைக்க மேலதிகாரி வந்திருந்தார். கண்டிப்பானவர், ஆனால் செடி கொடி என்றால் முகம் மலர்கிறவர். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "புழு எவிடெ?" புழு எங்கே என்று.

அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஷைலஜா வேலியோரம் கருடக்கொடி நட்டிருந்தாள். விரித்த கை அகலத்தில், கறுப்பும் மஞ்சளுமாகப் பறக்குமே, கருட சலபம் என்கிற பெரிய வண்ணத்துப்பூச்சி? அது இந்த வகைக் கொடியில்தான் முட்டையிடும். புழுவும் வேறு இலையைத் தொடாது. மூன்று வருடக் காத்திருப்புக்குப் பிறகு, இந்த மழையில்தான் முதல் முறையாகப் புழுக்கள் தென்பட்டன. ஷைலஜா போட்டோ எடுத்து அதிகாரிக்கு அனுப்பியிருந்தாள்.

எல்லோரும் வேலிப் பக்கம் நடந்தோம். நானும் பின்னால் போனேன்.

வேலி இருந்தது. கொடி இல்லை!

தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் ஒட்ட அறுத்திருந்தது. கம்பி வேலி பளிச்சென்று நின்றது. வேறு நாளாக இருந்தால் 'எவ்வளவு சுத்தம்' என்று பாராட்டியிருப்போம்.

அதிகாரியின் முகம் இறுகிவிட்டது. "ஆரா இது வெட்டியது?"

யார் வெட்டியது என்று அங்கே வேலை செய்யும் ஆறு பேருக்கும் தெரியும். கொஞ்சம் தள்ளி, துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாரே முருகேசன் — அவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். சங்கரன்கோவில்காரர். கட்டட வேலை செய்து முட்டி தேய்ந்து, இந்த வேலைக்கு வந்து இரண்டே மாதம். முந்தின நாள் மாலை, 'பயிற்சிக்கு ஆட்கள் வராங்க, வேலியோரம் கிளீன் பண்ணிடுங்க' என்று ஷைலஜா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் நினைத்தது பிளாஸ்டிக் கவரையும் கோரைப் புல்லையும். அவர் கிளீன் செய்தது எல்லாவற்றையும்.

முருகேசன் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"என்றெ தெற்றாணு சார்" என்றாள் ஷைலஜா. என் தப்புதான் சார். கிளீன் பண்ணச் சொன்னது நான், எதை விடணும் என்று காட்டிக் கொடுக்காததும் நான் — மலையாளத்தில் அவள் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். 'ஆனால்' என்று ஒரு வார்த்தை இல்லை. முருகேசன் பக்கம் கண் கூடப் போகவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த சூப்பர்வைசர் பொறுப்பே அவளுக்குத் தற்காலிகமாகக் கொடுத்தது. நிரந்தரமாக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் எதிரே நின்றுகொண்டிருந்த இதே மனிதர்.

"எழுதித் தரணம்" என்றார். விளக்கம், எழுத்துப்பூர்வமாக.

"தராம் சார்" என்றவள் அடுத்த நொடியே திரும்பி, ஆறு பேரையும் பொதுவாகப் பார்த்து, "அறுத்த கொடிய எங்க போட்டீங்க?" என்று கேட்டாள். பின் கேட் பக்கம் குவித்திருந்தது. குப்பை வண்டி இன்னும் வரவில்லை.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் சொற்பொழிவைக் கேட்க வந்த முப்பது பேரும் — தோட்டக்காரர்கள், காட்டுக் காவலர்கள், கண்டலில் படகோட்டிக் காவல் பார்க்கிறவர்கள் — குப்பைக் குவியலைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். "விரலால பிடிக்காதீங்க, இலையோட எடுங்க" என்று ஷைலஜா குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். இடைவேளைக்கு வந்த பழம்பொரியை (வாழைப்பழ பஜ்ஜிதான்) ஒரு தாளில் கொட்டிவிட்டு, அந்த ட்ரேயில் புழுக்களைச் சேர்த்தார்கள். கரும்பழுப்பில், உடம்பெல்லாம் சதை முள்ளோடு, சுண்டுவிரல் தடிமனுக்கு... அழகு என்று சொல்ல மாட்டேன். அதிகாரி கூடப் பேன்ட்டை மடித்துவிட்டு இரண்டு எடுத்தார்.

மொத்தம் பத்தொன்பது. உயிரோடு இருந்தன. ஆனால் இலை வாடிவிட்டது. அடிக்கட்டை திரும்பத் துளிர்க்கச் சில வாரமாகும். அதுவரை எதைத் தின்னும்?

காட்டில் இருக்கிறது என்றார் ஒரு காவலர். அவர் சொன்ன காடு நான்கு மணி நேரப் பயணம். எல்லோரும் யோசனையில் நின்றபோது, பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல்.

"மேடம்... இந்தக் கொடி எங்க ரூமுக்குப் பின்னால செவுரு பூராக் கெடக்கு."

முருகேசன்!

"இதேதானா? நல்லாத் தெரியுமா?"

"இலையக் கசக்குனா இதே வாடைதான் மேடம். அங்க களையாக் கெடக்கேன்னுதான் இங்கயும் அறுத்துட்டேன்."

அவருடைய ரூம் பள்ளுருத்தியில். உடனே ஆட்டோ பிடித்தோம். ஷைலஜா, முருகேசன், நடுவில் நான், என் மடியில் ட்ரே. ஆட்டோ பூங்காவைத் தாண்டியதுதான் தாமதம் — ஷைலஜா ஆரம்பித்தாள்.

"அண்ணே, கண்ணில்லையா உங்களுக்கு? புழு நெளியறது தெரியல?"

"தெரிஞ்சுச்சு மேடம். பூச்சி விழுந்த கொடின்னு நெனச்சேன்."

"நெனச்சா கேக்கணும்! போன் எதுக்கு இருக்கு?"

பள்ளுருத்தி வரும்வரை விடவில்லை. ஆட்டோ ஓட்டிய சேட்டன் கூட "மதி மோளே, பாவம்" (போதும் மகளே) என்று முருகேசனுக்காகப் பரிந்து பேசினார். நடுவில் ஒரு புழு கோபித்துக்கொண்டு தலையிலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விட்டது பாருங்கள்... அன்று துவைத்துப் போட்ட பிறகும் என் புடவையில் அந்த வாடை இருந்தது.

முருகேசனும் இன்னும் ஏழு பேரும் தங்கியிருக்கும் ரூம் அது. சந்துக்குள் சந்து. பின்னால் போய்ப் பார்த்தால் — சுவரே தெரியாமல் கருடக்கொடி! ஷைலஜா ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். முகம் தெளிந்துவிட்டது. ஒவ்வொரு புழுவாகப் புது இலையில் விட்டோம். கொஞ்ச நேரம் சும்மா கிடந்த ஒன்று, இலையின் ஓரத்தை மெல்லக் கடிக்க ஆரம்பித்தது. "தின்னுது மேடம்!" என்று முருகேசன் கத்தினார். அப்போதுதான் ஷைலஜா கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவ்வளவு பயத்தையும் காலையிலிருந்து எங்கே வைத்திருந்தாளோ?

திரும்பி வரும்போது கேட்டேன். "அவர்தான் வெட்டினார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லலாம் சேச்சி. பின்னே நாளைக்கு அவரு எதையும் எங்கிட்ட சொல்ல மாட்டாரு."

நாளைக்கு என்ன, அன்றைக்கே! முப்பது பேர் முன்னால் அவர் பெயர் வந்திருந்தால், 'எங்க ரூமுக்குப் பின்னால கெடக்கு' என்று சொல்ல அந்த மனிதருக்கு நாக்கு எழுந்திருக்குமா? பத்தொன்பதும் குப்பை வண்டியில் போயிருக்கும்.

மத்தியானம் என்னைப் பேசச் சொன்னார்கள். எட்டு பாயின்ட் தாளை எடுத்தேன். ஆறாவது — 'குழுவின் தவறுக்குத் தலைவர் பொறுப்பேற்க வேண்டும்.' எங்கிருந்தோ காப்பியடித்த வரி. படிக்க வாய் வரவில்லை.

ஏனென்றால்... உங்களிடம் சொல்வதற்கென்ன. சில வருடங்களுக்கு முன் இந்தப் பத்தியில் ஓர் ஊரைத் தவறான மாவட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். மறுவாரம் 'அச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்' என்று போட்டோம். அச்சில் பிழை இல்லை. பிழை திருத்துகிற தம்பி மேலும் பிழை இல்லை. அவர்தான் ஆசிரியரிடம் திட்டு வாங்கினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் என் கட்டுரையில் எந்தச் சந்தேகமும் கேட்டதில்லை. ஏன் என்று எனக்கு இவ்வளவு நாள் புரியவில்லை பாருங்கள்!

தாளை மடித்துவிட்டு இந்தக் கதையைத்தான் அந்த முப்பது பேரிடம் சொன்னேன். மறுநாள் அந்தத் தம்பிக்கும் போன் செய்தேன். "விடுங்க மேடம், பழைய கதை" என்றார். இரண்டு நிமிடம் கழித்து, "இந்த வாரக் கட்டுரையில நாலாவது பாராவுல ஒரு டவுட்" என்றார். எனக்கு அன்றைக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

ஷைலஜா விளக்கம் எழுதிக் கொடுத்தாள். பொறுப்பு இன்னும் தற்காலிகம்தான். ஆனால் அதிகாரி ஒரு காரியம் செய்தார். பூங்காவில் ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப் பலகை வைக்க ஏற்பாடு செய்தார் — மலையாளத்திலும் தமிழிலும். மலையாளம் ஷைலஜா எழுதினாள். தமிழ் முருகேசன் எழுதினார். குண்டு குண்டாக, அச்சு மாதிரி எழுத்து. அறுத்த கொடியும் துளிர்த்துவிட்டது.

புழுக்கள்? பத்தொன்பதில் பதினொன்று கூட்டுப்புழுவாகி, சிறகு விரித்துவிட்டன. முருகேசன் வீடியோ அனுப்பியிருந்தார். அதற்கு நடுவில் ஓனர் பின் சுவருக்கு வெள்ளையடிக்க ஆளோடு வந்தாராம். "மத்த மூணு செவுத்துக்கும் நாங்களே அடிச்சுத் தாரோம், இத விட்ருங்க" என்று முருகேசன் பேசி அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ரூம்காரர்களைத் திரட்டி, சொன்னபடி அடித்தும் கொடுத்துவிட்டார்.

கூட்டுப்புழுவில் துணி உரசக் கூடாதென்று பின்பக்கம் கட்டியிருந்த துணிக்கொடியையும் அவிழ்த்தாயிற்று. எட்டுப் பேரின் லுங்கிகளும் இப்போது மொட்டை மாடியில்தான் காய்கின்றன — தலைவர் உத்தரவாம்!