சக்தி கூடுதல்

கமலா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கோலா கெடாவில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. விசாரித்தவர்களில் பலர், "ஆஸ்துமாவா?" என்றுதான் கேட்டார்கள். அவர் ஆராய்ந்த நோயே அவரைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பதுபோல.

அக்கா கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அவரும் நானும் பல ஆண்டுகள் ஒரே ஆய்வகத்தில் இருந்தோம். மூச்சுக்குழாயின் உட்சுவர் அணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்து, அவற்றோடு நோயெதிர்ப்பு அணுக்களைச் சேர்த்து, ஒன்று மற்றொன்றை என்ன செய்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. எந்த முடிவையும் நான் எளிதில் ஏற்கமாட்டேன். "கிண்ணம் நுரையீரல் ஆகாது அக்கா" என்பேன்.

"ஒன்ன கட்டிக்கிட்டவரு பாவம்லா. குட் மார்னிங் சொன்னாலும் ஆதாரம் கேப்ப" என்பார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கோயில் மண்டபத்தில் ஆஸ்துமா பற்றிப் பேசினார். நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். "ஆஸ்துமா பிள்ளைங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கொறச்சல்னு நெனைக்காதீங்க. அது கூடுதலா வேல செய்யுது" என்றார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் புஷ்பா எழுந்து, "அப்ப எம் மகளுக்குச் சக்தி கூடுதல்தான்" என்றார். அம்மன் கோயிலில் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும்? எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா சிரித்தார். நானும்தான்.

சக்தி கூடுதலாக உள்ள பிள்ளைக்கு மருந்து எதற்கு என்று, மகள் தினமும் மூச்சோடு இழுக்கும் மருந்துப் பம்பைப் புஷ்பா நிறுத்திவிட்டார். சில வாரங்களில் அந்தப் பெண்ணை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னது சரிதான். அவங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க" என்று, விஷயம் தெரிந்த அன்று நான் அக்காவிடம் வாதாடினேன்.

"அந்தப் புள்ளைக்கு மூச்சு நின்னுருந்தா, என்னோட சரிய எங்க கொண்டுபோயி வைக்கிறது?" என்றார் அக்கா.

அன்று மாலையே மன்னிப்புக் கேட்கப் புஷ்பா வீட்டுக்குப் போனார். நான் காரிலேயே இருந்துவிட்டேன்.

அதன்பின் மேடைகளில் 'சக்தி' என்ற சொல்லை அவர் தொடவே இல்லை. பதிலுக்கு இப்படி விளக்குவார்: தூசியோ புகையோ பட்டதும் மூச்சுக்குழாயின் உட்சுவர் கூச்சல் போடும். அதைக் கேட்டு ஓடிவரும் வெள்ளை அணுக்கள் வந்த வேலை முடிந்தும் போகாமல் அங்கேயே ரகளை செய்யும். சுவர் வீங்கும், சளி கட்டும், சுவரும் பழுதாகும். பழுதான சுவர் மறுபடி கூச்சல் போடும். இழுப்பு இல்லாத நாளிலும் இது உள்ளே நடக்கலாம், அதனால்தான் தினமும் பம்ப் என்பார். முடிவில் ஒவ்வொருவரையும் கேட்பார்: "இப்ப வீட்டுக்குப் போயி பம்ப என்னா செய்வீங்க? உங்க வாயால சொல்லுங்க."

இறுதிச் சடங்குக்குப் புஷ்பா மகளோடு வந்திருந்தார். என்னிடம் வந்து, "அவங்க வாசல்லயே நின்னு மன்னிப்புக் கேட்டாங்க டாக்டர். நீங்க காடியிலயே இருந்தீங்க. நான் பாத்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

எல்லாவற்றையும் சந்தேகித்த நான், என் வாயிலிருந்து போகும் சொல் அடுத்தவர் வீட்டில் என்னவாகிறது என்று மட்டும் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. அக்கா அதைச் சந்தேகித்தார், போய்ப் பார்த்தார், வாசலில் நின்றார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சந்தேகத்தை. அதோடு, அதை இவ்வளவு தாமதமாக எடுத்துக்கொள்கிறேனே என்ற வெட்கத்தையும்.