அம்மா ருசி பார்க்காத குழம்பு

எங்கள் அன்னையார் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கும் போர்ட் பிளேயர் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். நீதான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னான். எழுதுகிறேன். மனம் மரத்துத்தான் கிடக்கிறது. அழுகை இன்னும் வந்தபாடில்லை.

அம்மா பிறந்தது தாமிரபரணிக் கரையில், வெங்காயம் நறுக்கவே நாள் கிழமை பார்க்கும் சைவக் குடும்பத்தில். ஐம்பதுகளில் அரசாங்க குமாஸ்தாவான அப்பாவோடு இத்தீவுக்குக் கப்பலேறி வந்தார். மரைன் ஹில் குவார்ட்டர்ஸில் நாங்கள் பிறந்தோம். அப்பா காய்ச்சலில் போனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா குன்றின் அடியில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு மெஸ் தொடங்கினார்.

சாம்பார், ரசம், கூட்டு. முதல் வாரம் வந்தவர்கள் மறுவாரம் வரவில்லை. வங்காளி, மலையாளி, தெலுங்கர் என்று எல்லோருக்கும் மீன் வேண்டும். மெஸ்ஸை மூடினால் ஊருக்குப் போய் மாமா வீட்டில் ஒண்ட வேண்டியதுதான். அழைத்துப்போக மாமாவே வந்துவிட்டார்.

“ஏளா, நம்ம வீட்டுப் பொம்பளை மீன் அலசவா? பேசாம பொறப்படு.”

“அங்க வந்து மதினி மொகத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கவா அண்ணே? பிள்ளைய இங்க படிக்கு. நான் வரல.”

மாமா எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கப்பலேறினார். அம்மா முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு மீன் அரிய உட்கார்ந்தார். ருசி மட்டும் பார்க்க மாட்டார். சாப்பிடுகிறவர் முகத்தையும் தட்டில் மிஞ்சுவதையும் பார்த்தே உப்பு புளியைத் திருத்திக்கொள்வார்.

அதில்தான் ஒரு கூத்து நடந்தது. மீன் தலையில் என்ன இருக்கிறது, கண்ணும் முள்ளும்தானே என்று அம்மா தலைகளையெல்லாம் பூனைகளுக்குப் போட்டுவந்தார். வங்காளிகளுக்கோ தலைதான் விருந்து. மாப்பிள்ளை வந்தால் அவர் தட்டில் வைப்பது அது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டும் வங்காளி ஒருவர், அண்ணன் என்ற பொருளில் தாதா என்போம், ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“மாஜி, ரோஜ் ரோஜ் முண்டி கிதர் ஜாதா ஹை? ஆப் அகேலே காதா ஹை கியா?”

தினமும் தலையெல்லாம் எங்கே போகிறது, நீங்கள் ஒருத்தியே தின்கிறீர்களா என்று கேள்வி! அம்மா கரண்டியை நழுவவிட்டார். “ஹம் மச்லி நஹி காதா” என்றார். மீன் விற்கிறவள் மீன் தின்ன மாட்டாளாம் என்று கொட்டகையே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்து, தாதாவைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய்ப் பூனைகளைக் காட்டினேன். பெண்பூனை ஒன்று தலையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தது. தாதா நெற்றியில் அடித்துக்கொண்டார். இதற்கு மாஜியே தின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்றார்.

மறுநாள் மனைவியோடு வந்தார். அவரைப் பௌதி என்று அழைத்தோம், வங்காளத்தில் அண்ணி. பௌதி கடுகெண்ணெயைக் காயவைக்கும் பதத்தையும், தலையைப் பருப்பில் போடும் விதத்தையும் காட்டிக்கொடுத்தார். மலையாளிகள் விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது குடம்புளி கொண்டுவந்தார்கள். தெலுங்கர்களுக்கு மிளகாய் கூடினால் போதும். ஒரே மீன், மூன்று சட்டி. யாரையும் நீ இப்படித்தான் தின்ன வேண்டும் என்று அம்மா சொன்னதில்லை. அந்த வருமானத்தில்தான் தம்பி படித்து வேலைக்குப் போனான், எனக்குக் கல்யாணம் நடந்தது. அம்மா மட்டும் மூலையில் தனி அடுப்பில் பொங்கிய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

போன வருஷம் அன்று காலை மூன்று சட்டியையும் இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் சாப்பிட வந்தவர்களே பாடை கட்டினார்கள். சட்டியில் இருந்ததை யார் எடுத்துக் கொட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. பௌதி சோறும் சாம்பாரும் கொண்டுவந்தார். நல்லெண்ணெய் தேடி வாங்கித் தாளித்திருந்தார். சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார். தம்பி முகத்தைச் சுளித்தான், பிறகு சாப்பிட்டான். எனக்கு எந்த ருசியும் தெரியவில்லை. கொண்டுவந்த பாத்திரத்தில் மீன் பட்டதே இல்லை என்றார் பௌதி. அம்மாவை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சமைத்துப் போட வேண்டும் என்று பல வருஷத்துக்கு முன்பே அதை வாங்கி வைத்தாராம். மீன் தின்கிற வீட்டில் வந்து சாப்பிடுவாரோ என்று தயங்கித் தயங்கிக் கேட்காமலே இருந்துவிட்டாராம்.

அன்று பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்ததோடு சரி.

தோள் கொடுத்த துறைமுகத் தோழர்களுக்கும், அடுத்த கப்பலிலேயே வந்து சேர்ந்த மாமாவுக்கும், பதினாறாம் நாள்வரை எங்களைப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பௌதிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இம்மலர் கிடைத்தவர்களில் யாராவது அவரிடம் ஹிந்தியில் சொல்லுங்கள். கூப்பிட்டிருந்தால் அம்மா வந்திருப்பார்.