வாலண்டரி என்ற சொல்லுக்கு அர்த்தம்

அம்மா பனியன் கம்பெனியிலிருந்து வந்ததும் வாசலில் நின்று தலைமுடியைத் தட்டுவாள்; பஞ்சுத் தூசி பறந்து என் மூக்கில் ஏறும். நான் தும்மி முடிப்பதற்குள் அன்றைக்குக் காதில் விழுந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைச் சொல்லி, "ஏட்டி, இதுக்கு என்னன்னு பாரு" என்பாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த எங்கள் வீட்டில் அகராதி புரட்டத் தெரிந்தவள், அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் ஒருத்திதான்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்தத் தடித்த அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பூர்வீகம் போட்டிருந்தது. 'டெய்லர்' என்றால் ஆதியில் வெட்டுகிறவன் என்று படித்ததும் அம்மா சிரித்தாள். அவள் கம்பெனியில் டெய்லர் தைப்பார், வெட்டுவதற்குக் 'கட்டிங் மாஸ்டர்' தனி. 'பனியன்', நம் வணிகர்களைக் குறித்த பெயரிலிருந்து வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டது என்றதற்கு, "நம்மகிட்ட வாங்கி நமக்கே விக்கானா?" என்றாள். 'கட்டிங்', 'செக்கிங்', 'பேக்கிங்' எல்லாவற்றுக்கும் ஒரே வால் என்றும், அது வினையைப் பெயராக்கும் என்றும் விளக்கினால், "அங்க ஆளுக்கே அதுதாம்ளா பேரு" என்பாள். தைத்து வரும் துணியில் பழுது பார்க்கிற அவளை எல்லோரும் 'செக்கிங்கக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் கொண்டுவந்த வார்த்தை 'வாலண்டரி'. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் வரப்போகிறார்கள், தொழிலாளிகளைத் தனித்தனியாகக் கேள்வி கேட்பார்கள் என்பதால், சூப்பர்வைசர் எல்லோரையும் நிறுத்திவைத்து, "ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் வாலண்டரிங்கன்னு சொல்லீருங்க, அது போதுமுங்க" என்று பாடம் நடத்தியிருந்தார். நான் அகராதியைப் புரட்டி, விருப்பத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்தது, தானாக விரும்பிச் செய்வது, 'வாலண்டியர்' இதற்குச் சொந்தம் என்று பெருமையாக ஒப்பித்தேன். அம்மா வீங்கிய காலைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளைச் செக்கிங் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவ்வப்போது உட்காரலாம், எங்கள் இருவருக்கும் அந்த நாற்காலிமேல்தான் கண்.

பையரின் ஆட்கள் கேட்டபோது அம்மா, "விருப்பம்னுல்லாம் இல்ல சார், வரச் சொன்னா வரணும்" என்று சொல்லிவிட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. மறு வாரம் 'கைமடி'க்கு மாற்றினார்கள். டெய்லர் பக்கத்தில் நாள் முழுக்க நின்று துணியை மடித்துக் கொடுக்கும் வேலை. நாற்காலி வேறொருவருக்குப் போனது. என்னால்தான் என்று நான் அழுதபோது, "நீ சொன்ன அர்த்தம் சரிதாம்ளா, நாந்தான் அத நம்பிட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூட அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

இப்போது அம்மாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. நான் திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் ஆள் சேர்க்கும் வேலை பார்க்கிறேன். அலுத்துப்போய்விட்டது, எந்தச் சொல் எங்கே பிறந்தது என்று தேடும் ஆசையெல்லாம் எப்போதோ விட்டுப்போனது. வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் பாரத்தில் ஓவர்டைமுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் அச்சாகியே வருகிறது. நேற்று ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் அதன்மேல் விரலை வைத்து, "இதுக்கு என்ன அர்த்தம், தீதி?" என்று இந்தியில் கேட்டாள். எனக்கு அர்த்தமும் தெரியும், பூர்வீகமும் தெரியும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.